தானாக மூடும் பிராக்கெட்

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கிடங்கில் இருந்தவர்கள்:

செங்கோடன், முதலாளி.
உபகாரசாமி, காவலாள். பூச்சி மருந்து வைப்பவரும் அவரே.
வெண்ணிலா, ஆபீஸ் உதவி. வேலைக்குச் சேர்ந்து ஐந்து வாரம்.
தனசேகர், கம்ப்யூட்டர் ஆள்.

நான்கு பேர். நால்வரும் மாடி அறையில் இருந்தார்கள். கீழே மூன்றாம் கிடங்கின் இரும்புக் கதவுக்கு மேல் இருந்த பலகையில் 'உள்ளே: 1' என்று சிவப்பு எழுத்து எரிந்தது. ஜன்னல் வழியாக அதைப் பார்த்தவன் தனசேகர் ஒருவன்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோது பூஜ்யமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும் நிலையில் அவன் இல்லை.

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையை விட்டு விலகி, கோழிப்பண்ணைகளுக்கு நடுவில் நின்றது அந்தக் கிடங்கு. உள்ளே கோழித் தீவனத்துக்கான மக்காச்சோளம், மூட்டை மூட்டையாகக் கூரை வரைக்கும். சித்திரை வெயிலில் தகரம் விரிந்து எங்கோ ஓர் ஆணி தெறிப்பதுபோல் அவ்வப்போது சத்தம் வரும். பண்ணைகளின் எரு நாற்றமும், சோளத் தவிட்டின் புளித்த சூடும், பழைய மருந்தின் வெள்ளைப்பூண்டு வாடையும் ஒன்றாகச் சேர்ந்து மாடி அறையின் மின்விசிறியில் சுற்றிச் சுற்றி வந்து முகத்தில் அப்பும். தனசேகர் மூன்று வருடம் சென்னையில் இரவு வேலை பார்த்துவிட்டு, அது பிடிக்காமல் பாதியில் ஓடி வந்தவன். இங்கே பகலில் வேலை. அதற்காகவே ஒப்புக்கொண்டான்.

செங்கோடன் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசினார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு அந்த லேபர் ஆபீசர் வாராரு. இந்தக் கம்ப்யூட்டர அப்படியே தூக்கீட்டுப் போயி நோண்டிப் பாப்பாங்களாம். நம்ம பக்கம் ஒரு சல்லித் தப்பு இருக்கக்கூடாது. இல்லைல்லோ?"

"இல்லைங்க."

"அப்பறம் ஏன்டா மூஞ்சி இப்புடி இருக்குது? கழிச்சல் கண்ட கோழியாட்ட?"

வெண்ணிலா சிரித்தாள். உபகாரசாமியும் சிரித்தார். தனசேகர் திரையைப் பார்த்தான்.

தப்பு இருந்தது. ஒரே ஒரு வரி.

கிடங்குக்குள் போகிற ஆள் கதவருகே கார்டைத் தேய்க்க வேண்டும். தேய்த்தால் பதிவுக் கோப்பில் 'உள்' என்று ஒரு பிராக்கெட் திறக்கும். வெளியே வரும்போது தேய்த்தால் அந்த பிராக்கெட் மூடும். மூடாத பிராக்கெட் எத்தனை இருக்கிறதோ அத்தனை பேர் உள்ளே. பூஜ்யமானால்தான் கதவின் தாழ் ஓடும். மருந்து வைத்துவிட்டு உள்ளே ஆளை வைத்துப் பூட்டிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. ஆனால் வியர்வையிலும் தவிட்டிலும் கார்டுகள் செத்துப்போகும். தினமும் ஐந்தாறு பேருக்குத் தனசேகர் கையால் எழுத வேண்டியிருந்தது. காலையில் உள்ளே, மாலையில் வெளியே, ஆளுக்கு இரண்டு முறை.

நிரல் எழுதும் எடிட்டரில்தான் அவன் அந்தக் கோப்பைத் திறப்பான். அதில் ஒரு வசதி உண்டு. பிராக்கெட்டைத் திறந்தால், மூடும் பிராக்கெட்டை அதுவே போட்டுவிடும். திறந்ததை மறந்துவிடக் கூடாது என்பதற்காக. எதற்கு எது ஜோடி, எந்த இடத்தில் போட வேண்டும் என்பதையெல்லாம் செட்டிங்ஸ் கோப்பில் நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். தனசேகர் மாற்றினான். 'உள்' என்று எழுதித் திறந்தால், மூடும் பிராக்கெட்டும் 'வெளி' என்ற சொல்லும் தானாக வந்து நிற்கும்படி ஒரு வரி சேர்த்தான். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு மொத்தமாக எழுதிக்கொள்ளலாம். பாதி வேலை மிச்சம்.

மார்ச் மாதம் ஒரு நாள், சாயங்காலம் வரை பொறுக்காமல், பதினொன்றே முக்காலுக்கு எழுதினான்.

அன்று கார்டு வேலை செய்யாதவள் குஞ்சம்மாள். சிந்திய சோளத்தைப் பெருக்கிக் கூட்டுபவள். துடைப்பத்தோடு மூன்றாம் கிடங்குக்குள் போனாள். அவள் போனதும் வந்ததும் ஒரே நொடியில் கோப்பில் ஏறின. பலகை பூஜ்யம் காட்டியது. மூட்டை அடுக்குகளுக்குப் பின்னால் அவள் இருந்தது யாருக்கும் தெரியவில்லை. மருந்து வைத்தார்கள். பூட்டினார்கள். ஐந்தாம் நாள் திறந்தார்கள்.

பதிவைப் பார்த்தார்கள். வெளியே வந்துவிட்டாள் என்று இருந்தது. அப்படியானால் கார்டு காட்டாமல் திருட்டுத்தனமாக மறுபடி நுழைந்திருக்கிறாள், சோளம் திருடப் போயிருப்பாள் என்று முடிவு செய்தார்கள். கேஸ் கீஸ் என்று போகாமல் இருக்க, ஜேடர்பாளையத்திலிருந்து அவள் மகளை வரவழைத்து ஆபீசில் வேலை போட்டுக் கொடுத்தார் செங்கோடன். மகள் வெண்ணிலா. எதிர் மேசையில் உட்கார்ந்து புதுக் கார்டுகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தவள்.

அப்படியும் அந்தச் சாவை விசாரிக்க நாளை ஆபீசர் வருகிறார். இன்றைக்கு அந்த ஒரு வரியை அழிக்க வேண்டும். அழித்துவிட்டால் நாளை யார் வந்து என்ன தோண்டினாலும் ஒன்றும் அகப்படாது. அழிக்காவிட்டால் ஜெயில். அவ்வளவுதான் கணக்கு.

மூன்று மணிக்கு அழித்தான். சேமித்தான். எடிட்டரை மூடித் திறந்தான். வெற்றுக் கோப்பு ஒன்றில் 'உள்' என்று அடித்து பிராக்கெட்டைத் திறந்தான்.

ஒன்றும் வரவில்லை.

மூச்சை விட்டான். டீ டம்ளரை எடுத்து ஒரு மிடறு குடித்து மேசையில் வைத்தபோது, திரையில் மூடும் பிராக்கெட் நின்றது. பக்கத்தில் 'வெளி'.

செட்டிங்ஸ் கோப்பைத் திறந்து பார்த்தான். அந்த வரி அங்கே இல்லை. தானாக மூடும் வசதியையே மொத்தமாக அணைத்தான். கம்ப்யூட்டரையும் அணைத்துப் போட்டான். மறுபடி 'உள்'. மறுபடி பிராக்கெட். காத்திருந்தான். இந்தத் தடவை பத்து எண்ணும் வரை வரவில்லை. பிறகு வந்தது. மெஷின் போடுவது எப்போதும் விரலோடு விரலாக, இமைப்பதற்குள் விழும். இது அப்படி விழவில்லை. முதலில் பிராக்கெட். கொஞ்சம் கழித்து ஓர் எழுத்து. தேடிப் பிடித்து இன்னோர் எழுத்து. கம்ப்யூட்டரைத் தொட்டே பழகாத ஒருவர், ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி அடிப்பதுபோல.

அழித்தான். அடித்தான். அழித்தான்.

"என்னங்ணா, கீபோர்டு மேல என்ன கோபம்? இந்தக் குத்து குத்தறீங்க," என்றாள் வெண்ணிலா.

"உன் வேலையைப் பாரு."

"பாத்துட்டுத்தான் இருக்கறேன். அரை மணி நேரமா ஒரே எழுத்தப் போட்டுப் போட்டு அழிக்கறது நீங்கதான். எனக்கு அந்தச் சம்பளத்தக் குடுத்தா நானும் அழிப்பேன்."

அவன் அடித்துக்கொண்டே இருந்தான். கீபோர்டில் விரல் வைத்த இடமெல்லாம் மாவுபோல் மஞ்சளாக ஏதோ ஒட்டியது. சோளத் தவிடு. மாடி அறைக்குத் தவிடு வருவதில்லை. ஜன்னல் எப்போதும் சாத்தியே இருக்கும். சட்டையில் துடைத்துக்கொண்டான்.

நான்கு மணிக்குச் செங்கோடன் கிளம்பினார். ஆறு மணிக்குள் மூன்றாம் கிடங்கை மூடிவிட்டுப் போன் பண்ணச் சொன்னார். ஐந்து மணிக்கு உபகாரசாமி முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போய் மருந்து வைத்துவிட்டு வந்தார். வந்ததும் கீழே இருந்து கத்தினார்.

"தம்பி! பலகையப் பாருங்க!"

உள்ளே: 1.

தனசேகர் படியில் பாதி இறங்கி நின்றான். "பலகை பழுதுங்க. நீங்க கார்டு தேச்சுட்டீங்கல்ல? இழுத்துப் பூட்டிருங்க."

"தாழே ஓடலீங்களே."

"தாழ் ஓடாட்டிப் போகுது. பூட்டு இருக்குதுல்ல, மாட்டுங்க."

உபகாரசாமி முகமூடியைக் கழற்றினார். முகமூடியின் விளிம்பு கன்னத்தில் வட்டமாகப் பதிந்திருந்தது. "மாட்டமாட்டனுங்க. போன தடவ மாட்டுன கை இது. இன்னும் சோறு எடுத்தா நடுங்குது. அது பூஜ்யமாகட்டும், அப்பறம் பாக்கலாம்." சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். "சந்துல ஒட்டற டேப்பும் தீந்துபோச்சு. வண்டியில போயி வாங்கியாரேன். கதவச் சும்மா சாத்தி வெச்சிருக்கறேன். பக்கத்துல போயிராதீங்க."

வண்டிச் சத்தம் பண்ணைகளுக்கு அப்பால் தேய்ந்து போனது.

தனசேகர் மாடிக்கு வந்து பதிவுக் கோப்பைத் திறந்தான். உபகாரசாமியின் பிராக்கெட் திறந்து, மூடியிருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி. இன்றைய தேதி.

உள் [ குஞ்சம்மாள் 11:45

அவ்வளவுதான். மூடவில்லை. பெயருக்குப் பக்கத்தில் கர்சர் விட்டு விட்டு எரிந்தது.

வரியை அழித்தான். போனது. ஜன்னலுக்கு வெளியே பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். வரி இருந்தது. மறுபடி அழித்தான். இருந்தது. சரி, மூடிவிடலாம். மூடும் பிராக்கெட்டை அடித்தான். எழுத்து விழவில்லை. கர்சர் மட்டும் ஓர் இடம் வலப்பக்கம் நகர்ந்தது, அங்கே கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று ஏற்கெனவே நிற்பதுபோல. மறுபடி அடித்தான். இன்னோர் இடம் நகர்ந்தது. இரண்டு மணி நேரமாக வேண்டாம் வேண்டாம் என்றபோது வந்து விழுந்த பிராக்கெட், இப்போது வேண்டும் என்றால் வரவில்லை.

போன் அடித்தது. செங்கோடன்.

"மூடியாச்சா?"

"ஒரு சின்னப் பிரச்சனைங்க."

"ஒரு மயிரும் வேண்டாம். ஆறு மணிக்கு மூடலைன்னா மருந்து அத்தனையும் தண்டம். உனக்குத் தெரியலைன்னா சொல்லு, சேலத்துல இருந்து வேற ஆள வரச் சொல்லறேன். அவன் பாத்துக்குவான்."

வேறு ஆள். வேறு கண். அதுதான் கூடாது.

"வேண்டாங்க. மூடிடறேன்."

ஒரு வழிதான் இருந்தது. மூடும் பிராக்கெட்டைக் கேட்காமலே போட்டுக் கொடுப்பது அந்த வரி. அழித்த அந்த வரி. செட்டிங்ஸ் கோப்பைத் திறந்து, மதியம் அழித்ததைத் தன் கையாலேயே திரும்ப எழுதினான். உள் என்றால் வெளி. சேமித்தான். காத்திருந்தான்.

கர்சர் எரிந்து எரிந்து அணைந்தது. வெளியே வெயில் இறங்கிவிட்டது. தகரத்தின் சத்தம் நின்றுபோயிருந்தது.

முதுகுக்குப் பின்னால் மூச்சு. காதோரம் சூடு.

"ஏனுங்ணா," என்றாள் வெண்ணிலா. அவன் தோளுக்கு மேலாகக் குனிந்து திரையைப் படித்துக்கொண்டிருந்தாள். "உள்ளன்னு போட்டா வெளியன்னு அதுவாவே வந்துருமா?"

அவன் திரையை மறைக்கக் கையைத் தூக்கினான். பிறகு மறைக்கவில்லை. மறைத்தால் இன்னும் கேவலம்.

"எங்கம்மா கார்டு அன்னைக்குச் செத்துப்போச்சு," என்றாள். அவள் குரல் ஏறவில்லை. "காலையில கிடங்குல இருந்து போன் பண்ணறப்பவே சொல்லுச்சு. கார்டு வேலை செய்யல, போனாப் போகுது, அந்தத் தம்பி எழுதிக்குவாருன்னு. அந்தத் தம்பி நீங்கதானுங்களா?"

"வெண்ணிலா. உக்காரு. நான் சொல்றதைக் கேளு."

"திருடப் போனாள்னு சொன்னாங்க. எழவு ஊட்டுல வெச்சே சொன்னாங்க. நீங்களும் வந்திருந்தீங்க. மாலை போட்டீங்க."

"அது மெஷின் பண்ணினது."

"அஞ்சு வாரமா உங்களுக்கு டீ போட்டுக் குடுத்திருக்கறேன்," என்றாள்.

போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தாள். ஒன்று. இரண்டு. பதிவுக் கோப்பையும் பிடித்தாள். அம்மா பெயரைப் பார்த்து ஒரு கணம் கை நின்றது. அப்புறம் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். "நாளைக்கு அந்த ஆபீசர் வாராருல்ல. வரட்டும்."

தனசேகர் எழுந்தான். நாற்காலி விழுந்தது. இருவருக்கும் நடுவில் மேசை. அவன் வலப்பக்கம் வந்தால் அவள் இடப்பக்கம் போனாள்.

அப்போது கீழே பெருக்கும் சத்தம் கேட்டது.

சர். சர். சர்ர்ர்.

சிமெண்டுத் தரையில் சீமார். சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. அவசரமே இல்லாமல். மூன்றாம் கிடங்குக்கு உள்ளேயிருந்து, தகரச் சுவரைத் தாண்டி, மாடிப்படி ஏறி வந்தது. ஒரு வரிசை முடிந்ததும் நின்றது. அடுத்த வரிசை தொடங்கியது.

வெண்ணிலாவின் முகம் மாறியது. பயந்த முகம் இல்லை அது. அவள் பயந்தால் நல்லது என்றுதான் அவன் எதிர்பார்த்திருந்தான். அவள் முகத்தில் பயம் இல்லை.

"அம்மா பெருக்கறாப்பலயே இருக்குது," என்றாள்.

படியில் ஓடினாள்.

அவன் பின்னால் ஓடினான். அவளைத் தடுக்க என்று அவன் நினைக்கவில்லை. போன். அந்தப் போன் வேண்டும். நடுப்படியில் கால் வழுக்கியது. படியெல்லாம் தவிடு. காலையில் இல்லை. மதியம் இல்லை.

அவள் கதவை இழுத்தாள். இரும்பு உரசி, ஓர் ஆள் நுழையும் அளவு திறந்தது. பூண்டு வாடை வெளியே வந்து முகத்தில் மோதியது. உள்ளே இருட்டு. மூட்டைகளின் விளிம்பு மட்டும் சாம்பல் நிறத்தில்.

பெருக்கும் சத்தம் நின்றது.

"அம்மா?" என்றாள் வெண்ணிலா.

உள்ளே, வெகு தூரத்தில், மூட்டை அடுக்குகளுக்குப் பின்னாலிருந்து:

"வாரேன் சாமி."

சாதாரணக் குரல். வேலையாக இருப்பவள் வேலையை விடாமல் சொல்லும் குரல். தனசேகருக்கு அந்தக் குரல் தெரியும். 'எழுதிக்கோ சாமி' என்று அவனிடம் சொன்ன குரல்.

வெண்ணிலா போனில் விளக்கைப் போட்டாள். உள்ளே போனாள்.

"மருந்து வெச்சிருக்கு," என்றான். சத்தமாகச் சொல்லவில்லை. அவள் காதில் விழும்படி சொல்லவில்லை.

விளக்கு மூட்டைகளுக்கு நடுவில் போனது. தரை தெரிந்தது. தரை முழுக்கத் தவிடு, நடுவில் மட்டும் ஓர் ஆள் அகலத்துக்குச் சுத்தமாகப் பெருக்கிய பாதை. கடைசி அடுக்கின் மூலையிலிருந்து தொடங்கி, வளைந்து, நேராகக் கதவை நோக்கி வந்திருந்தது. அவன் நின்ற இடத்துக்கு நான்கடி முன்னால் முடிந்திருந்தது.

அடுக்கின் மூலையில் சீமாரின் நுனி. நுனி மட்டும். வந்தது. போனது.

விளக்கு அந்த மூலையில் திரும்பியது. மறைந்தது. மூட்டைகளின் மேல் கொஞ்ச நேரம் அதன் வெளிச்சம் ஆடியது.

அணைந்தது.

"வெண்ணிலா," என்றான். பதில் இல்லை.

அவள் பெயர் எந்தக் கோப்பிலும் இல்லை. ஆபீஸ் ஆட்களுக்குக் கார்டு கிடையாது. சாலையில் வண்டி வரவில்லை. உபகாரசாமி வர இன்னும் கால் மணி நேரம். உள்ளே போய் அவளை இழுத்து வரலாம். ஐம்பது அடி. அறுபது அடி. அவன் கால் அசையவில்லை. போனும் உள்ளே. படமும் உள்ளே.

அவன் கை கதவில் இருந்தது.

பயத்தில் மூடிவிட்டேன் என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். அது அவனுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

தள்ளினான். இரும்பு உரசியது. இருட்டு மெலிந்து கோடானது. கோடு போனது.

தலைக்கு மேல் ஏதோ சொடுக்கியது. நிமிர்ந்தான். பலகையில் ஒன்று போய்ப் பூஜ்யம் வந்திருந்தது. மாடி அறையில் யாரும் இல்லை. தாழ் தானாக ஓடி விழுந்தது.

கதவில் காதை வைத்தான். தட்டுவாள் என்று காத்திருந்தான். கத்துவாள் என்று.

தட்டவில்லை.

சர். சர். சர்ர்ர்.

சர். சர். சர்ர்ர்.

இரண்டு சீமார். ஒன்று பழகிய கை. இன்னொன்று அதைப் பார்த்துப் பார்த்து, சற்றுப் பின்தங்கி, கற்றுக்கொள்கிற கை. இரண்டும் கதவை நோக்கி வந்துகொண்டிருந்தன.

தனசேகர் பூட்டை எடுத்து வளையத்தில் மாட்டினான். அழுத்தினான். சாவியைத் திருப்பினான்.